பாடற்குழுவும் ஒலிப்பதிவுக் கருவியும்

மனிதன் தன் முகத்தைத் தானே காண இயலாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். அதுபோலவே, தன் குரலைப் பிறர் கேட்பதுபோல் தானே கேட்கவும் இயலாது. பாடுகிறவரின் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி, அவருடைய தலையெலும்பின் வழியாகவும் செவியை அடைகின்றது. ஆகவே அது உள்ளதைவிடக் கனமுள்ளதாக அவருக்குத் தோன்றுகின்றது. முதன்முறையாகத் தம் குரலை ஒலிப்பதிவில் கேட்போர், "இது என் குரல்தானா?" என்று திகைப்பதன் காரணம் இதுவே. முகத்துக்குக் கண்ணாடி எத்தகையதோ, குரலுக்கு ஒலிப்பதிவு அத்தகையது.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், பங்குப் பாடற்குழுக்களுக்கான ஒலிப்பதிவுக் கருவி. திருச்சுழி வட்டத்துப் பரளச்சி போன்ற வானம் பார்த்த பூமியில் வாழும் குடும்பங்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம். பருவமழை பொய்த்தால் பருத்தியும் மிளகாயும் பொய்த்துப்போகும் நிலம் அது. படித்த இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போய்விட, ஊரில் எஞ்சியிருக்கும் சில பெண்மக்களும் பள்ளிச் சிறுவரும் முதியோருமே பல சிற்றூர்களில் பாடற்குழு. அவர்கள் திருவிழாவுக்கென்று வீடுவீடாகச் சேர்த்த தொகையில் மிஞ்சியதைக்கொண்டு ஒரு கருவி வாங்க விரும்பினால், அந்தப் பணத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு குடும்பத்தின் வியர்வை இருக்கின்றது. அதை வீணாக்க நமக்கு உரிமையில்லை.

கடைக்காரரிடம் செல்லுமுன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நாம் வாங்கும் கருவி நமக்குப் பாடக் கற்றுத்தரப் போகின்றதா, அல்லது நமக்குப் பதிலாகப் பாடப் போகின்றதா?

திருச்சபையின் எண்ணம்

ஆள் குறைந்த பாடற்குழுவுக்கு இன்று ஓர் எளிய வழி காட்டப்படுகின்றது. பின்னணி இசையைப் பதிவாக வாங்கிப் பென்டிரைவில் ஏற்றி, ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன்மேல் இருவர் பாடினால் போதும் என்கின்றனர். இன்னும் சில இடங்களில் அந்த இருவரும் வேண்டியதில்லை. பாடலே முழுமையாகப் பெட்டியிலிருந்து வந்துவிடுகின்றது. மக்கள் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இந்தச் சோதனை புதியதன்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் ஆட்சியில், 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் உரோமையின் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட திரு இசை பற்றிய போதனை ஏடு இதைப்பற்றி வெளிப்படையாகவே பேசிற்று. இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா முதலிய தானியங்கிக் கருவிகள் திருவழிபாட்டில் பாடற்குழுவின் இடத்தையோ மக்களின் இடத்தையோ எடுத்துக்கொள்ளலாகாது என்று அது விலக்கிற்று. ஆனால் அதே ஏடு, விசுவாசிகளுக்குத் திருப்பாடல்களையும் ஞானப்பாடல்களையும் கற்பிக்க இக்கருவிகளை வழிபாட்டிற்கு வெளியே பயன்படுத்தலாம் என்றும் அனுமதித்தது. பின்னர் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்களின் முழுமையான பங்கேற்பையே எல்லாவற்றிற்கும் மேலாக வைத்தது. சிறுவர் திருப்பலிக்கான 1973-ஆம் ஆண்டின் வழிகாட்டி, ஆயர் பேரவை வகுக்கும் நெறிக்குட்பட்டுப் பதிவிசைக்குச் சிறிது இடமளித்ததுண்டு. ஆயினும் அது சிறப்பு நிலையேயன்றிப் பொது நெறியன்று.

ஆகவே கருவிக்குரிய இடம் பயிற்சிக்கூடம்; பீடத்தின் அருகிலன்று. இந்தத் தெளிவு பிறந்துவிட்டால், எதை வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

கையில் இருப்பதை முதலில் அறிக

பெரும்பாலான வீடுகளில் இன்று கைப்பேசி இருக்கின்றது. பயிற்சிக்கு அதுவே தொடக்கத்தில் போதும். ஆனால் அதன் இயல்பை அறிந்து பயன்படுத்த வேண்டும். கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காக அமைக்கப்பட்டது. மெல்லிய ஒலியைத் தானே உயர்த்தும். உரத்த ஒலியைத் தானே தாழ்த்தும். பேச்சுக்கு இது நன்மை, பாட்டுக்கோ தீமை. பல்லவியை நாம் மெதுவாகத் தொடங்கி, இறுதியில் ஓங்கிப் பாடியிருப்போம். பதிவில் இரண்டும் ஒரே அளவாய்க் கேட்கும். மேலும், இடைவிடாது ஒலிக்கும் சுருதிப்பெட்டியின் ஒலியை மின்விசிறியின் இரைச்சல் என்று கருதிச் சில கைப்பேசிகள் அடக்கிவிடுவதும் உண்டு. எனவே இரைச்சல் குறைப்பையும் தானியங்கி ஒலியளவையும் நிறுத்திவைக்கக்கூடிய பதிவுச் செயலி ஒன்றைத் தேர்ந்து பயன்படுத்துவது நன்று. பதிவு செய்யும்போது கைப்பேசியை விமான நிலையில் வைத்துவிட்டால் இடையில் அழைப்பு வந்து கெடுக்காது.

மூன்று திங்கள் இவ்வாறு கைப்பேசியிலேயே பதிவு செய்து கேட்டுப் பழகிய குழுதான் புதுக் கருவி வாங்கத் தகுதியுள்ள குழு என்போம். பதிந்ததைக் கேட்கும் வழக்கமே இல்லாத குழுவுக்கு எத்துணை விலையுயர்ந்த கருவியும் அலமாரிக்கு அழகு சேர்ப்பதோடு நின்றுவிடும்.

வாங்குவதாயின்

அடுத்த படி, கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி. ஜூம், டாஸ்காம் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் சிறிய கருவிகள் இவ்வகையில் பலரும் பயன்படுத்துபவை. இரண்டு ஒலிவாங்கிகள் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கும்; மெமரி கார்டில் பதியும்; மின்கலத்தில் இயங்கும். சிற்றூர்ப் பாடற்குழுவின் தேவைகளில் பெரும்பகுதியை இத்தகைய ஒரே கருவி நிறைவு செய்துவிடும். கடையில் பின்வருவனவற்றைக் கேட்டறிந்து வாங்குக.

முதலாவது, ஒலியளவை நாமே கையால் திருத்தி அமைக்க இயலுமா? இயலாத கருவி வேண்டா. இரண்டாவது, சுருக்காத முழுப் பதிவாகிய "வேவ்" முறையில் பதியுமா? எம்.பி.3 முறை கோப்பைச் சிறிதாக்கும். ஆனால் ஒலியின் ஒரு பகுதியைக் களைந்தே சிறிதாக்கும். களைந்ததை மீட்க முடியாது. இசைத்தட்டுத் தரமாகிய 16 இருமம், நொடிக்கு 44,100 மாதிரி என்னும் அளவில் இரு தடங்களாய்ப் பதிந்தால், ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் செல்லும். 32 ஜிகாபைட் கார்டு ஒன்றில் ஏறத்தாழ 50 மணி நேரம் அடங்கும். ஒரு பங்கின் ஆண்டுப் பயிற்சியில் பெரும்பகுதி ஒரு விரல்நுனி அளவுள்ள அட்டையில் அடங்கிவிடுகின்றதெனில், இடத்துக்கு அஞ்சித் தரத்தைக் குறைப்பதற்குக் காரணமில்லை.

மூன்றாவது, ஊர்க்கடையில் கிடைக்கும் சாதாரண மின்கலத்தில் இயங்குமா? மின்வெட்டு நேரும் ஊர்களில் இது சிறிய செய்தியன்று. நான்காவது, கருவியின் அடியில் தாங்கியில் பொருத்தும் திருகுத்துளை உண்டா? ஐந்தாவது, காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போனுக்கு இடமுண்டா?

அண்மைக் காலத்தில் "32 இருமம்" என்னும் புதிய வகைக் கருவிகள் வந்துள்ளன. ஒலியளவை முன்கூட்டி அமைக்கத் தவறினாலும், பின்னர்க் கணிப்பொறியில் திருத்திக்கொள்ள இவை இடம் தருகின்றன. திருத்தத் தெரிந்த இளைஞர் குழுவில் இருந்தால் இவை நல்லவை. இல்லையெனில் பழைய வகையே போதும். உரத்த பல்லவியை ஒருமுறை பாடச்செய்து, அளவுமானி சுழியத்தைத் தொடாமல் அதற்குக் கீழே 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு அமைத்துவிட்டால் ஆபத்தில்லை. சுழியத்தைத் தாண்டிய இடம் கரகரவென்று உடைந்துபோகும். அதை எந்தக் கைவினைஞராலும் செம்மையாக்க இயலாது.

மேடையில் பாடகர் வாயருகே பிடிக்கும் ஒலிவாங்கியைப் பற்றியும் ஒரு சொல். ஷ்யூர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட எஸ்.எம். 58 என்பது இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. வாயருகே ஒலிப்பதைப் பிடித்துத் தொலைவில் ஒலிப்பதை விலக்குவதே அதன் திறமை. ஆகவே இருபது பேர் நிற்கும் குழுவின் முன் அத்தகைய ஒன்றை நட்டுவைத்தால், அருகில் நிற்பவர் மட்டுமே பாடியதாகப் பதிவு சொல்லும். தனிக்குரலுக்கு அது, குழுவுக்குத் தொலைவொலியையும் வாங்கும் நுண்ணிய ஒலிவாங்கி. இந்த வேறுபாட்டை அறியாமல் செலவிடப்படும் பணம் மிகுதி.

எங்கே வைப்பது

கருவியின் விலையைவிட அது நிற்கும் இடமே பதிவின் தரத்தை முடிவு செய்கின்றது. ஒலியின் பிறப்பிடத்துக்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் பாதியானால், நேரே வரும் ஒலி 6 டெசிபெல் உயரும். சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியோ அவ்வளவாய் மாறாது. ஆகவே வெறுஞ்சுவரும் காங்கிரீட்டுக் கூரையும் உடைய ஆலயத்தில் சொற்கள் குழம்பினால், விலையுயர்ந்த கருவி தேடி அலைய வேண்டியதில்லை; இரண்டடி முன்னே கொண்டுபோய் வைத்தால் போதும்.

குழுவினர் பிறைவடிவில் நிற்கட்டும். அவர்களுக்கு முன்னே ஆறு முதல் எட்டு அடித் தொலைவில், தலைக்குச் சற்று மேலான உயரத்தில், தாங்கியின்மீது கருவி இருக்கட்டும். ஆர்மோனியமோ கீபோர்டின் ஒலிபெருக்கியோ தபேலாவோ கருவிக்கு அருகில் வேண்டா. அவை பக்கவாட்டில் சற்றுப் பின்னே இருக்கட்டும். உரத்த குரலுடையோர் பின்வரிசையிலும் மெல்லிய குரலுடையோர் முன்வரிசையிலும் நிற்கட்டும். மேசைமேல் வைக்க நேர்ந்தால், மடித்த துண்டை அடியிலிடுக. இல்லையெனில் தாளம் தட்டும் ஒவ்வொரு தட்டும் இடிபோல் விழும். மின்விசிறிகளை அந்தப் பத்து நிமிடமேனும் நிறுத்திவைக்க வேண்டும்.

திருவிழா நாளில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்து நேரே கம்பி இழுத்துப் பதிவதும் உண்டு. அவ்வாறு செய்வோர் இரண்டை நினைவிற்கொள்க. மிக்ஸரிலிருந்து வரும் மின்னோட்டம் வலியது. கருவியில் அதற்கென அமைந்த துளையிலே செருகாமல் மைக் துளையில் செருகினால் ஒலி உடையும். மேலும், மைக் முன் நின்றவர் குரலன்றி மக்களின் குரல் அதில் வாராது. ஆலயம் முழுவதும் சேர்ந்து பாடியதுதானே திருவிழாவின் மகிமை! அதை வேண்டுவோர் ஆலயத்தின் நடுவில் இன்னொரு கருவியையும் வைத்தல் வேண்டும்.

வெயிலும் காற்றும் புழுதியும்

கரிசல் நாட்டுக்கென்று சில தனி எச்சரிக்கைகள் உண்டு. தகரக் கூரையிட்ட ஆலயமாயின் உச்சிவெயிலில் தகரம் விரிந்து சடசடவென்று ஒலிக்கும்; விடியற்காலையோ சூரியன் சாய்ந்தபின்னோ பதிவு செய்வதே நன்று. அருப்புக்கோட்டைப் பக்கம் நெசவாளர் தெருக்களில் தறியின் ஒலியும் இப்படித்தான். தறி ஓயும் நேரத்தைத் தேர்க. தேர்ப்பவனியையோ, ஓரியூருக்கு நடந்து செல்லும் திருப்பயணத்தின் பாடல்களையோ வெளியில் பதியும்போது, காற்று ஒலிவாங்கியில் மோதிப் பெரும் இரைச்சலாகும். அதற்கென்று பஞ்சாலும் மயிர்த்துணியாலும் ஆன உறைகள் சிறுவிலையில் கிடைக்கின்றன. கருவியோடு அதையும் வாங்குக. புழுதி புகாத மூடியுள்ள டப்பாவில் கருவியை வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுச் செல்லலாகாது. நெடுநாள் பயன்படுத்தாதபோது மின்கலத்தை எடுத்துவிட வேண்டும்; இல்லையெனில் அது கசிந்து கருவியை அரிக்கும்.

கேட்பது ஒரு கலை

பதிந்ததை உடனே, அதே இடத்தில், எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை சுருதி: தொடங்கிய இடத்திலேயே முடித்தோமா, அல்லது சரணத்துக்குச் சரணம் சுருதி இறங்கிவந்ததா? இரண்டாம் முறை சொற்கள்: பாட்டை அறியாத ஒருவர் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் விளங்குமா? மூன்றாம் முறை மூச்சு: சொல்லின் நடுவே மூச்சு வாங்கிப் பொருளை அறுத்துவிட்டோமா? நான்காம் முறை வேகம்: கீபோர்டின் தாளம் நம்மைத் துரத்துகின்றதா?

இதில் அன்பு வேண்டும். "இது யார் குரல்?" என்று பதிவை நிறுத்திச் சுட்டிக்காட்டுவது, கூச்சமுள்ள பெண்ணையோ குரல் உடையும் பருவத்துச் சிறுவனையோ பாட்டிலிருந்தே விரட்டிவிடும். குறையைக் குழுவின் குறையாகச் சொல்லுங்கள். நிறையை ஆளின் பெயரோடு சொல்லுங்கள். கண்ணாடி பார்ப்பது முகத்தைக் கழுவுவதற்கே, வெறுப்பதற்கன்று.

வெளியூரில் வேலை செய்யும் இளைஞருக்கும் இப்பதிவு உதவும். கிறிஸ்து பிறப்புக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் விடுமுறையில் வரும் அவர்களுக்கு, புதுப்பாட்டின் பயிற்சிப் பதிவை முன்னரே கைப்பேசியில் அனுப்பிவிட்டால், வந்த அன்றே அவர்கள் குழுவில் நின்று பாட இயலும். பெட்டி பாடுவதைவிட, பெட்டியைக் கேட்டுப் பழகிவந்த பிள்ளை பாடுவது எத்துணை மேன்மையானது! பிறர் இயற்றிய பாடல்களை இணையத்தில் வெளியிடுவதாயின், அதற்கு உரியவரின் இசைவு வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். ஆலயத்தில் பாடுவதற்குள்ள உரிமை, ஊருக்கெல்லாம் பரப்புவதற்குள்ள உரிமையாகாது.

மறையும் குரல்கள்

இறுதியாக, எல்லாவற்றிலும் அவசரமான பணி ஒன்று உண்டு. தவக்காலத்துப் புலம்பலையும், பெரிய வெள்ளியின் வியாகுலப் பிரசங்கத்தையும், பாஸ்குப் பாடல்களையும் ஏட்டைப் பாராமலே இசைக்க வல்ல முதியோர் நம் ஊர்களில் இன்னும் சிலர் உள்ளனர். சொற்கள் அச்சில் இருக்கக்கூடும். ஆனால் அந்த இழுவையும் அந்த ஏற்ற இறக்கமும் அச்சில் இல்லை. ஒரு மூதாட்டி கண் மூடும்போது, அவரோடு ஒரு மெட்டும் மண்ணுக்குள் சென்றுவிடுகின்றது.

1904-ஆம் ஆண்டு, பெரிய கிரகோரியாரின் 1300-ஆம் நினைவாண்டை முன்னிட்டு உரோமையில் கூடியோர் பாடிய பண்டைய திருப்பாடல்களைக் கிராமபோன் கம்பெனியார் பதிந்துவைத்தனர். மின்சார ஒலிவாங்கி அப்போது இல்லை. ஒலியைக் கூம்புக் குழலே வாங்கிற்று. ஆயினும் பாடினோர் யாவரும் மறைந்தபின்னும் அக்குரல்கள் இன்றும் கேட்கின்றன. நம்மிடம் உள்ள எளிய கைப்பேசி, அந்தக் கூம்பினும் பன்மடங்கு திறமுடையது. நமக்கு இல்லாதது கருவியன்று, கருத்தே.

1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் அதே கம்பெனியாருக்குப் பாடிய கௌஹர் ஜான் என்னும் அம்மையார், பாட்டு முடிந்ததும் தம் பெயரை உரக்கச் சொல்லுவார். பதிவைக் கப்பலில் பெற்று ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டு அச்சிடுவோர், பாடியவர் யாரென அறிய வேண்டுமன்றோ! இவ்வழக்கத்தை நாமும் மேற்கொள்வோம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாட்டின் பெயர், பாடுபவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். கோப்பின் பெயர் மாறலாம், தாளில் எழுதியது தொலையலாம். குரலோடு சேர்ந்த பெயர் தொலையாது.

முதியோரிடம் செல்லும்போது அவர் வீட்டுத் திண்ணையிலேயே, அவருக்கு வசதியான வேளையில் பதியுங்கள். முகத்துக்கு இரண்டடித் தொலைவில் கருவி இருக்கட்டும். பின்னணி இசை வேண்டா. இடையில் இருமினாலும், ஒரு வரியை மறந்து பேரனைக் கேட்டாலும் நிறுத்தாதீர்கள், அதுவும் அவரே.

பழைய ஒலிநாடாக்கள் வீட்டுப் பரணில் கிடக்குமாயின், அவற்றுக்கும் காலம் குறைவு. பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் அறிமுகம் செய்த கேசட், 1980-களில் நம் திருமணங்களையும் திருவிழாக்களையும் பதிந்துவைத்தது. வெள்ளைப் பூஞ்சை படர்ந்த நாடாவை அப்படியே ஓட்டாதீர்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். நல்ல நிலையில் உள்ளதையும், முதலில் ஓட்டும் கருவியின் தலைப்பகுதியை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து உலரவிட்டு, நாடாவை முன்னும் பின்னும் ஒருமுறை முழுதும் சுற்றியபின்னரே ஓட்டி, கணிப்பொறியில் ஏற்றுங்கள். ஏற்றியதை ஒரே இடத்தில் வையாது, பங்குத்தந்தையின் அறையில் ஒன்று, உபதேசியார் வீட்டில் ஒன்று, வெளியூரில் உள்ள ஒரு குடும்பத்தில் ஒன்று என மூன்று படிகளாக வைத்தல் நலம்.

நவம்பர் 22-ஆம் நாள் இசைவாணரின் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் திருநாள். திரு இசையைச் சீர்திருத்திய தம் ஏட்டைத் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903-இல் அத்திருநாளிலேயே வெளியிட்டார். வருகின்ற அத்திருநாளுக்குள் ஒவ்வொரு பாடற்குழுவும் தன் ஊர் முதியவர் ஒருவரின் குரலில் ஒரு பழைய பாட்டையேனும் பதிந்து, அதைக் கேட்டுக் கற்று, அன்றைய திருப்பலிக்குப் பின் அந்த முதியவரை முன்வரிசையில் அமர்த்தி அவருக்கே பாடிக்காட்டட்டும்.